ஆண்டு 9 மீளாய்வுக்கு முன் எழுதி அனுப்ப வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வசிக்கிறீர்கள். மகனுக்கு 14 வயது, ஆண்டு 9இல் படிக்கிறான். ஆட்டிசமும் மொழிச் சிரமமும் உண்டு. ஏழு வயதில் அவனுக்குக் கிடைத்த இ.எச்.சி. திட்டம், அதாவது கல்வி, சுகாதாரம், சமூகப் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து உள்ளூராட்சிக் கவுன்சில் எழுதித் தரும் சட்டபூர்வமான ஆவணம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திட்டத்தை ஆண்டுதோறும் பரிசீலிக்கும் சந்திப்பான ஆண்டு மீளாய்வுக்கு இன்னும் மூன்று வாரம். "பையன் நன்றாக இருக்கிறான், வழக்கமான சந்திப்புத்தான்" என்கிறது பாடசாலை. அந்த "நன்றாக இருக்கும்" பையன் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரவு வரை வெளியே வருவதில்லை. என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியதுதான் உங்களை உறங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்: குறை சொன்னால் ஆசிரியர்கள் மனம் நோகுமோ, சொல்லாமல் இருந்தால் இருக்கிற உதவியும் போய்விடுமோ. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஒரு மேல்நிலைப் பாடசாலையில் சென்கோவாக, அதாவது சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளராக, பல ஆண்டுகள் வேலை செய்தேன். இப்படிப்பட்ட சந்திப்புகளைக் கூட்டி, அறிக்கை எழுதிக் கவுன்சிலுக்கு அனுப்பியது என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மகனின் திட்டத்தையும் பார்க்கவில்லை. எனவே அவனுக்கு எத்தனை மணி நேர உதவி தேவை, எந்தக் கல்லூரி பொருந்தும் என்பதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும்தான். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் வெவ்வேறு சட்டங்கள்; அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீளாய்வைப் பற்றிப் பெற்றோரிடம் நான் எப்போதும் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்த அறையில் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. முடிவெடுப்பவர் கவுன்சில் அலுவலர். சந்திப்புக்கு அவருக்கும் அழைப்புப் போகும். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் அவர் வரமாட்டார். பாடசாலை இரண்டு வாரத்துக்குள் ஓர் அறிக்கை அனுப்பும். உங்கள் மகனை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் தன் மேசையில் அதைப் படித்து, திட்டத்தை அப்படியே விடுவதா, திருத்துவதா, நிறுத்துவதா என்று தீர்மானித்து, சந்திப்பு நடந்து நான்கு வாரத்துக்குள் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். நீங்கள் அறையில் கண்கலங்கிச் சொன்னது அந்த அறிக்கையில் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. அதனால் தயாரிப்பு என்பது பேசப் பழகுவது அல்ல, எழுதி அனுப்புவது. இன்னொன்றையும் கவனியுங்கள். சந்திப்புக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாருடைய கருத்துகளையும் பாடசாலை எழுத்தில் பெற்று எல்லாருக்கும் அனுப்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உங்களுக்கு இருப்பது மூன்று வாரம் இல்லை, ஒரு வாரம். தாமதமாக அனுப்பினாலும் ஏற்பார்கள்; முன்கூட்டி அனுப்பினால்தான் மற்றவர்கள் படித்துவிட்டு வருவார்கள்.

குறை சொல்வது பற்றிய உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் வீடுகளில் ஆசிரியர் முன்னால் நின்று குறை சொல்லிப் பழக்கமில்லை. தமிழ்ப் பெற்றோர் பலர் சந்திப்பில் "எல்லாம் நல்லது, மிகவும் நன்றி" என்று சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து உண்மையைச் சொல்வார்கள். அதற்குள் குறிப்பேட்டில் "பெற்றோர் திருப்தி தெரிவித்தனர்" என்று எழுதியாகிவிடும். ஒரு சென்கோவாகச் சொல்கிறேன்: பெற்றோர் எழுத்தில் தெளிவாகக் கேட்டது எனக்கு உதவியாகத்தான் இருந்திருக்கிறது. திட்டத்தில் எழுதிய உதவி கிடைப்பதை உறுதி செய்யும் சட்டக் கடமை கவுன்சிலுக்கு உரியது. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பாடசாலையிடம் பணம் இல்லை, ஆள் இல்லை என்பதெல்லாம் அந்தக் கடமையைக் குறைக்காது. ஆகவே உங்கள் கடிதத்தை ஆசிரியர்கள் மீதான புகாராக நினைக்க வேண்டாம். அதைக் காட்டித்தான் பாடசாலை கவுன்சிலிடம் கேட்கும்.

இப்போது திட்டத்தைக் கையில் எடுங்கள். அது ஏ முதல் கே வரை பகுதிகளாக இருக்கும். எல்லாவற்றையும் படித்துக் களைத்துப்போக வேண்டாம். பி பகுதியில் அவனுடைய கல்வித் தேவைகள் இருக்கும், எஃப் பகுதியில் அவற்றுக்கான உதவி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பி பகுதியில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில் விடை இருக்கிறதா என்று பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு போய்ச் சேராத தேவை ஏதாவது இருந்தால் அதுவே உங்கள் முதல் குறிப்பு. அடுத்து எஃப் பகுதியின் ஒவ்வொரு வரியிடமும் நான்கு கேள்வி கேளுங்கள்: யார் செய்வார், எவ்வளவு நேரம், எத்தனை முறை, அதற்கு என்ன பயிற்சி பெற்றவர்? "தேவைப்படும்போது சிறு குழுவில் ஆதரவு பெற வாய்ப்பளிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். இப்படிப்பட்ட வரியை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தேவைப்படுகிறதா என்று யார் முடிவு செய்வது? வாய்ப்பளித்தார்கள், அவன் போகவில்லை என்றால் கடமை முடிந்ததா? அதே உதவியை இப்படி எழுதலாம்: "மொழிச் சிரமம் உள்ள மாணவர்களுடன் வேலை செய்யப் பயிற்சி பெற்ற வகுப்பு உதவியாளர் ஒருவர், மூவருக்கு மேற்படாத குழுவில், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், அறிவியலிலும் வரலாற்றிலும் வரும் சொற்களை முன்கூட்டிக் கற்பிப்பார்." இரண்டாவது வாக்கியம் நடக்காதபோது நீங்கள் கேள்வி கேட்க முடியும். முதலாவது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் வெளியான, சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அரசின் நடைமுறைக் கோவையும் உதவி விவரமாகவும் திட்டவட்டமாகவும், சாதாரணமாக அளவோடும் எழுதப்பட வேண்டும் என்றே சொல்கிறது. அந்தப் பத்தியின் எண் 9.69. கடிதத்தில் குறிப்பிடுங்கள், தவறில்லை.

பேச்சு மொழிச் சிகிச்சை எந்தப் பகுதியில் இருக்கிறது என்றும் பாருங்கள். சுகாதாரத்துக்கான ஜி பகுதியில் இருந்தால், எஃப் பகுதிக்கு மாற்றும்படி கேளுங்கள். பேச்சும் மொழியும் கல்விக்கு அடிப்படை என்பதால் விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால் அது கல்வி உதவியாகவே பதிவாக வேண்டும் என்று அதே கோவை சொல்கிறது. நாளை கவுன்சிலின் முடிவை எதிர்க்கும் மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால், கல்விப் பகுதிகளில் அது சொல்வது கவுன்சிலைக் கட்டுப்படுத்தும். சுகாதாரப் பகுதியில் அது பரிந்துரை மட்டுமே செய்யும்.

ஏழு வயதில் எழுதிய திட்டம் என்றீர்கள். இதில் நான் சந்தேகத்தோடுதான் இருப்பேன். ஆண்டுதோறும் மீளாய்வு நடந்தும் ஒரு சொல்கூட மாறாத திட்டங்கள் உண்டு. "கம்பளத்தில் அமர்ந்து கதை கேட்கும் நேரத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும்" என்ற இலக்கை, மீசை அரும்பிய பையனின் திட்டத்தில் வாசித்திருக்கிறேன். சிரிப்பு வந்தாலும் விளைவு சிரிப்புக்குரியது இல்லை: காலாவதியான இலக்குகளைப் பார்க்கும் கவுன்சில் அலுவலருக்கு "இவையெல்லாம் நிறைவேறிவிட்டனவே" என்றுதான் தோன்றும். கல்வி உளவியலாளரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் அவனைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேதி பாருங்கள். ஆரம்பப் பாடசாலைக் காலத்து அறிக்கைகள்தான் கடைசி என்றால், புதிய மதிப்பீடு வேண்டும் என்று மீளாய்வில் எழுத்தில் கேளுங்கள். முழு மறுமதிப்பீடு கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கடந்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு நடந்திருந்தாலோ, இப்போது அது அவசியமில்லை என்று கருதினாலோ கவுன்சில் மறுக்கலாம். அவசியமில்லை என்று மறுத்தால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

இனி வீட்டில் நடப்பது. பாடசாலையில் ஆறு மணி நேரம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, வீட்டில் வந்து தளர்ந்துபோகும் பிள்ளைகள் ஏராளம். பாடசாலை பொய் சொல்லவில்லை; அவர்களுக்குத் தெரியும் பாதியைச் சொல்கிறார்கள். மற்றப் பாதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. "மிகவும் களைத்துவிடுகிறான்" என்று எழுதினால் எந்தப் பெற்றோரும் எழுதுவதுதான் என்று கடந்துபோவார்கள். இன்றிலிருந்து ஏழு நாளைக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தான், எவ்வளவு நேரம் அறையில் இருந்தான், சாப்பிட்டானா, வீட்டுப்பாடத்துக்கு யார் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார்கள், எப்போது உறங்கினான், எந்தக் காலையில் வயிற்றுவலி என்றான், அன்று கால அட்டவணையில் என்ன பாடம் இருந்தது. கடைசியில் சொன்னது முக்கியம். வயிற்றுவலியும் உடற்பயிற்சி வகுப்பும் ஒரே நாளில் வருவது தாளில்தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நடப்பதெல்லாம் பாடசாலையால் வருகிறது என்று நான் சொல்லவில்லை. பதின்வயதில் கதவைச் சாத்துவது இயல்பும்தான். ஒரு வாரக் குறிப்பு எதையும் நிரூபிக்காது. ஆனால் விசாரித்துப் பார்க்க ஒரு காரணத்தை அது கொடுக்கும்.

மகன் என்ன நினைக்கிறான் என்பதை எழுதாமல் இந்த மீளாய்வுக்குப் போகாதீர்கள். அவனுடைய விருப்பத்தையும் உணர்வையும் கவுன்சில் கருத்தில் எடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட நடைமுறையான காரணம் ஒன்றும் உண்டு: பெரியவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். ஒரு மாணவனின் மீளாய்வில் நாங்கள் எல்லாரும் அவன் முன்னேற்றத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். அவன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தான். அதில் இரண்டே வரி: "நான் பாடசாலையில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் தாங்க முடியாது." காலை எட்டு மணியிலிருந்து வீடு போகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மதியத்துக்குப் பிறகு தலைவலி, கவனமின்மை என்று ஆசிரியர்கள் எழுதிவந்ததற்கு அதிலும் பங்கு இருந்திருக்கலாம். இயந்திரம் இல்லாத வேறு கழிவறையைப் பயன்படுத்த அவனுக்கு அனுமதி அட்டை கொடுத்தோம். சத்தத்தால் வரும் சிரமம் பி பகுதியில் ஏறியது. இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவைப்படவில்லை.

உங்கள் மகனிடம் "பாடசாலை எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். மொழிச் சிரமம் உள்ள பிள்ளையிடம் திறந்த கேள்வி கேட்பதே அநியாயம். கால அட்டவணையை அவன் முன்னால் வைத்து, போக விருப்பமான இடத்துக்குப் பச்சை, தாங்க முடியாத இடத்துக்குச் சிவப்பு என்று நிறம் தீட்டச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிடக் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் சில பிள்ளைகள் பேசுவார்கள். சந்திப்புக்கு முழுநேரமும் வர அவன் விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் பத்து நிமிடம் வரலாம், அல்லது அவன் எழுதியதை யாராவது வாசிக்கலாம். அவன் இருக்கும்போது அவனுடைய குறைகளை வரிசையாகச் சொல்வதை மட்டும் யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பேச்சை அவன் வெளியே போன பிறகு வைத்துக்கொள்ளச் சென்கோவிடம் முன்பே சொல்லலாம்.

ஆண்டு 9 மற்ற ஆண்டுகளைப் போன்றது இல்லை. இந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு மீளாய்வும் வளர்ந்த பிறகான வாழ்க்கைக்குத் தயார்படுத்துவதையும் பார்க்க வேண்டும்: உயர்கல்வி அல்லது வேலை, தனித்து வாழ்தல், ஊரோடும் நண்பர்களோடும் கலந்திருத்தல், உடல்நலம். 14 வயதுப் பையனுக்கு வேலையைப் பற்றி என்ன பேசுவது என்று பெற்றோர் மலைப்பார்கள். பெரிய கனவெல்லாம் வேண்டாம். தனியாகப் பஸ்ஸில் போய்வர முடியுமா, கடையில் மிச்சப் பணத்தைச் சரிபார்க்க முடியுமா, உடம்புக்கு என்ன செய்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல முடியுமா? இவற்றில் ஒன்றை ஈ பகுதியில் இலக்காக்கி, பயணப் பயிற்சி போன்ற உதவியை எஃப் பகுதியில் கேட்கலாம். பொதுத்தேர்வுக்கான ஏற்பாடுகளையும், அதாவது கூடுதல் நேரம், வாசித்துக் காட்டுபவர், தனி அறை என்பவற்றையும் இப்போதே கேளுங்கள். இ.எச்.சி. திட்டம் இருப்பதாலேயே அவை தானாகக் கிடைத்துவிடாது. வகுப்பிலும் பாடசாலைத் தேர்வுகளிலும் அவன் வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறான் என்று பாடசாலை காட்ட வேண்டும். அந்த வழக்கம் ஆண்டு 11இல் திடீரென்று உருவாகாது. அவன் 16 வயதில் கல்லூரிக்கு மாறுவதானால், அந்த ஆண்டு மார்ச் 31க்குள் கல்லூரியின் பெயரோடு திருத்திய திட்டம் வந்துவிட வேண்டும். அதற்கான கல்லூரிப் பார்வையிடல்களை ஆண்டு 10இலேயே தொடங்கிவிடுங்கள். கட்டாயக் கல்வி வயது முடிந்ததும், அதாவது அவனுக்கு 16 நிறையும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்குப் பிறகு, இந்தத் திட்டம் தொடர்பான உரிமைகள் அவன் கைக்குப் போகும். அந்த முடிவுகளை எடுக்கும் ஆற்றல் அவனுக்கு இல்லையென்றால் நீங்கள் அவன் சார்பில் செயல்படலாம்.

உதவியை எடுத்துவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: சந்திப்பில் "நன்றாக இருக்கிறான்" என்று யாரோ சொன்னதால் மட்டும் திட்டம் ரத்தாகாது. இனி அது தேவையில்லை என்று கவுன்சில் காரணத்தோடு முடிவு செய்ய வேண்டும். உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். நீங்கள் மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை திட்டத்தைத் தொடர வேண்டும். உதவி இருப்பதால்தான் நன்றாக இருக்கிறான் என்பதும் நியாயமான வாதம். அதை அதே சொற்களில் எழுதுங்கள். உறுதி சொல்ல முடியாதது, எஃப் பகுதியின் அளவுகள் குறையுமா என்பது. அது கவுன்சிலுக்குக் கவுன்சில், அலுவலருக்கு அலுவலர் மாறுகிறது. புதிய நிபுணர் அறிக்கை உங்கள் பக்கம் இருந்தால் குறைப்பது கடினம் என்பதை மட்டும் கண்டிருக்கிறேன். புதிய அறிக்கை குறைவான உதவியைப் பரிந்துரைக்கும் வாய்ப்பும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

சந்திப்பு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். மகனையோ அவன் அக்காவையோ உரைபெயர்க்க வைக்காதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள்; அவர் பேச வேண்டியதில்லை, எழுதிக்கொண்டிருந்தால் போதும். புரியாத இடத்தில் "இதை எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பாடசாலையின் கருத்தும் உங்கள் கருத்தும் வேறுபட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். "இந்த வேறுபாட்டை அறிக்கையில் குறிப்பிடுங்கள்" என்றால் போதும். கருத்து வேறுபாடுகளையும் அறிக்கை குறிப்பிட வேண்டும் என்பது கோவையிலேயே இருக்கிறது.

அன்று மாலையே, சந்திப்பில் பேசி ஒத்துக்கொண்டவற்றைச் சென்கோவுக்கும் கவுன்சில் அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் அறிக்கையின் பிரதி வராவிட்டால் கேளுங்கள். நான்கு வாரத்தில் கவுன்சிலின் கடிதம் வராவிட்டால் அதையும் கேளுங்கள். தாமதம் சகஜம், ஆனால் சட்டப்படி சரியில்லை. திருத்துவதாக முடிவு செய்தால், சந்திப்பு நடந்து 12 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வர வேண்டும் என்று 2022இல் டெவன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடையில் வரும் திருத்த வரைவுக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. அந்த நேரத்தில் மறுபடியும் பென்சிலை எடுங்கள். "மாற்றம் எதுவும் இல்லை" என்று கடிதம் வந்தாலும் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழ் (கவுன்சிலோடு சமரசம் பேசுவது பற்றி மத்தியஸ்தரைத் தொடர்புகொண்டதற்கான சான்று) பெற்ற நாளிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு. தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை.

எல்லாக் கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் கடிதத்தை அவர்களிடம் காட்டித் திருத்தம் கேட்கலாம், சந்திப்புக்குக் கூட வரவும் கேட்கலாம். இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. சென்டியாஸுக்கு இந்த வாரமே தொலைபேசியில் பேசுங்கள். சந்திப்புக்கு முந்தைய நாள் அழைத்தால் அவர்களிடம் அனுப்ப ஆள் இருக்காது.